சிறுவர் நீதிமன்றமும் சட்டத்தரணியும்: அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

1964 ஆம் ஆண்டு யூன் மாதம் 8 ஆம் திகதி முற்பகல் பத்து மணியளவில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரிசோனா மாநிலத்திலுள்ள கைலா மாவட்டத்திற் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் காவலில் எடுக்கப்பட்டான். அயலில் வசித்த பெண்ணொருவருக்குத் தொலைபேசியில் ஆபாசமான சொற்கள் கூறப்பட்டன என்பது முறைப்பாடு. தந்தையும் தாயும் வேலைக்குச் சென்றிருந்தனர். அவர்களுக்கு அறிவித்தல் எதுவும் விட்டுச் செல்லப்படவில்லை. மாலை ஆறு மணியளவில் வீடு திரும்பிய தாய், மகனைக் காணாது மூத்த மகனை அனுப்பித் தேடியபோதே அவன் சிறுவர் தடுப்பு இல்லத்தில் இருப்பதை அறிந்தார். மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு விசாரணை என அவருக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டது.

விசாரணை நீதிபதியின் அறையில் நடைபெற்றது. முறைப்பாட்டுக்காரர் வரவில்லை. எவரும் சத்தியம் செய்யவில்லை. கூறப்பட்டவற்றை எவரும் எழுத்திற் பதியவில்லை. நன்னடத்தை உத்தியோகத்தர் தாக்கல் செய்த மனு பெற்றோருக்குக் காட்டப்படவில்லை. காட்டப்பட்டிருந்தாலும் பயன் இருந்திராது, ஏனெனிற் சிறுவன் நெறி தவறியவன், நீதிமன்றத்தின் பாதுகாப்பு அவனுக்குத் தேவை என்பதற்கு மேல் அதில் எச்செய்தியும் இருக்கவில்லை. யூன் 15 இல் இரண்டாவது விசாரணை. எந்தச் சிறுவன் எதைப் பேசினான் என்பதை முறைப்பாட்டுக்காரரே வந்து கூறட்டும் எனத் தாய் கேட்டார். அவர் வரவேண்டியதில்லை என நீதிபதி விடையளித்தார். அன்றே, இருபத்தொரு வயது அடையும்வரை சிறுவனை மாநிலக் கைத்தொழிற் பாடசாலையில் வைத்திருக்குமாறு கட்டளை பிறந்தது. அதாவது, முன்னரே விடுவிக்கப்பட்டாலன்றி ஆறு ஆண்டுகள். இதே குற்றத்தை வயது வந்தவர் ஒருவர் செய்திருப்பின் அம்மாநிலச் சட்டம் விதித்த தண்டனை ஐந்து முதல் ஐம்பது டொலர் வரையான தண்டப்பணம், அல்லது இரண்டு மாதத்திற்கு மேற்படாத சிறை.

இவ்வாறு கட்டளையிட்ட நீதிபதி தம் காலத்தின் வழமையிலிருந்து பெரிதும் விலகியவர் எனக் கூறுவதற்கில்லை. சாட்சியின்றி, பதிவின்றி, சட்டத்தரணியின்றிச் சிறுவரை விசாரிக்கும் முறை அறுபத்தைந்து ஆண்டுகளாக முற்போக்கானதெனப் போற்றப்பட்டு வந்த முறையாகும். அதனை ஆக்கியோர் கொடியவர் அல்லர். அந்நாட்டின் சமூகச் சீர்திருத்த வரலாற்றில் மதிப்பிற்குரிய பெயர்கள் பல அவர்களிடையே உள்ளன. சிறுவனிடமிருந்து சட்டத்தரணியைப் பிரித்தது இரக்கமே என்பதை விளங்கிக்கொள்ளாது இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது.

ஆங்கிலப் பொதுச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை குற்றம் புரியும் மனநிலைக்கு ஆற்றலற்றது எனக் கொண்டது. ஏழு முதல் பதினான்கு வயது வரை அவ்வாற்றல் இல்லையென்னும் ஊகம் இருந்தது. ஆயின் அதனைச் சான்றினால் உடைக்கலாம். உடைக்கப்பட்டபின் சிறுவனுக்கும் முதியவனுக்கும் வழக்கு ஒன்றே, சிறை ஒன்றே, சில வேளைகளில் தூக்குமரமும் ஒன்றே. இக்கொடுமையைக் கண்டு மனம் நொந்தோர் 1825 இல் நியூயோர்க்கிலும், அடுத்த சில ஆண்டுகளிற் பிலடெல்பியா முதலிய நகரங்களிலும் புகலில்லங்களை நிறுவினர். குற்றம் செய்த சிறுவரோடு, குற்றம் எதுவும் செய்யாது வறுமையில் அலைந்த சிறுவரும் அவற்றுள் இடப்பட்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

பிலடெல்பியா இல்லத்தில் மேரி ஆன் குரௌஸ் என்னும் சிறுமி அடைக்கப்பட்டாள். அடைக்குமாறு கேட்டவர் அவளுடைய தாய்; அடங்காத பிள்ளை என்பதே காரணம். செய்தியறிந்த தந்தை ஆட்கொணர்வு எழுத்தாணை கோரி நீதிமன்றத்தை நாடினார். யூரிகள் முன்னிலையில் வழக்கு எதுவும் நடைபெறாமல் மகளை அடைத்துவைப்பது அரசியலமைப்புக்கு முரண் என்பது அவருடைய வாதம். 1839 இற் பென்சில்வேனியா உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. புகலில்லம் சிறையன்று, பாடசாலை. இயற்கைப் பெற்றோர் தம் கடமைக்கு ஆற்றாதவிடத்து அரசு அவர்களின் இடத்தை ஏற்கலாம் என்று அது தீர்ப்பளித்தது. 'பேரன்ஸ் பட்ரியே' என்ற இலத்தீன் தொடர் அன்று அமெரிக்கச் சிறுவர் சட்டத்தினுட் புகுந்தது. நாட்டின் தந்தை அரசு என்பது அதன் பொருள். இங்கிலாந்தில் இத்தொடர் பெரும்பாலும் அநாதைகளின் ஆதனங்களைக் காக்கும் நீதிமன்றத்திற்கே உரியதாயிருந்தது. ஆதனம் இல்லாத பிள்ளையின் உடலுக்கு அதனைப் பொருத்தியது அமெரிக்கரின் புதுமை எனலாம்.

இக்கருத்துக்கு எதிர்க்குரலும் எழாமலில்லை. 1870 இல் இலினோய் மாநில உயர் நீதிமன்றத்தின் முன் டானியல் ஓகொனல் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனின் வழக்கு வந்தது. குற்றம் எதுவும் சாட்டப்படாமலே அவன் சிக்காகோச் சீர்திருத்தப் பாடசாலையில் அடைக்கப்பட்டிருந்தான். கொலைகாரனுக்கும் உரிய வழக்குமுறையைக் குற்றமற்ற பிள்ளைக்கு மறுப்பது எவ்வாறு என வினவிய அந்நீதிமன்றம், அவனை விடுவித்தது. பிற்காலத்தார் நூறு ஆண்டுகள் கழித்துக் கண்டடைந்த உண்மை அங்கேயே சொல்லப்பட்டுவிட்டது. ஆயின் அத்தீர்ப்பு நூல்களில் உறங்கலாயிற்று. சிறுவர் நீதிமன்றம் என்னும் புது நிறுவனம் தோன்றியதும் அதே இலினோய் மாநிலத்திலேயே ஆகும்.

1899 ஆம் ஆண்டு யூலை 1 ஆம் திகதி அம்மாநிலத்தின் சிறுவர் நீதிமன்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சிக்காகோப் பெண்கள் கழகத்தைச் சேர்ந்த லூசி பிளவர், ஹல் இல்லத்து யூலியா லாத்ரொப் போன்றோர் பல ஆண்டுகள் உழைத்ததன் பயன் அது. சிக்காகோச் சட்டத்தரணிகள் சங்கமும் அச்சட்டத்தை ஆக்குவதிற் பங்குகொண்டது என்பது சற்று வியப்புக்குரியது: தம் தொழிலுக்கு வேலையில்லாத மன்றமொன்றைச் சட்டத்தரணிகளே உருவாக்கிக் கொடுத்தனர். நன்னடத்தை உத்தியோகத்தருக்குச் சம்பளம் கொடுக்க அச்சட்டம் பணம் ஒதுக்கவில்லை. தொடக்க ஆண்டுகளிற் பெண்கள் அமைப்புகளே நிதி திரட்டிக் கொடுத்தன. அப்பெண்கள் கண்டது வயது வந்த கைதிகளோடு ஒரே கூண்டில் அடைக்கப்பட்ட சிறுவரை. அந்நிலையை மாற்ற அவர்கள் மேற்கொண்ட முயற்சியை இன்று எளிதிற் குறைகூறுவது முறையன்று.

புதிய மன்றத்தின் மனப்பாங்கைத் தெளிவுற வெளியிட்டவர் யூலியன் மக் ஆவார். சிக்காகோச் சிறுவர் நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்த இவர் 1909 இல் ஹாவாட் சட்டச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை நெடுங்காலம் இத்துறையின் வேதமெனக் கொள்ளப்பட்டது. சிறுவன் குற்றவாளியா இல்லையா என்பது மன்றத்தின் வினாவன்று. அவன் யார், இந்நிலையை எவ்வாறு அடைந்தான், அவனுக்கு எது செய்தால் நன்மை என்பனவே வினாக்கள் என்றார் மக். நீதிபதி உயர்ந்த ஆசனத்தை விட்டு மேசையருகே அமர்ந்து, வேண்டுமிடத்துச் சிறுவனின் தோளில் கைபோட்டுப் பேசுதல் வேண்டும் என்பது அவர் காட்டிய சித்திரம். இதற்கிசையச் சொற்களும் மாறின. குற்றப்பத்திரம் மனுவாயிற்று. பிடியாணை அழைப்பாணையாயிற்று. தண்டனைத் தீர்ப்பு 'ஏற்பாடு' எனப்பட்டது. சிறை பயிற்சிப் பாடசாலை என அழைக்கப்பட்டது. வழக்கு முழுவதும் குடியியல் வழக்கெனக் கருதப்பட்டது.

குற்றமே வினாவல்லவாயின் அதை மறுத்து வாதிடுபவருக்கு அங்கு என்ன பணி? மருத்துவரின் அறையில் நோயாளி சார்பில் வாதிட எவரும் தேவையில்லை அல்லவா? சட்டத்தரணி உள்ளே வரலாகாது எனச் சட்டம் கதவை அடைக்கவில்லை. அவருக்கு வேலையில்லாமற் செய்தது. 1905 இற் பென்சில்வேனியா உயர் நீதிமன்றம் பிசர் என்னும் சிறுவனின் வழக்கிற் குரௌஸ் தீர்ப்பின் கருத்தையே மீண்டும் உறுதிசெய்தது: தண்டிப்பதற்கே வழக்குமுறை தேவை, பிள்ளையைக் காப்பாற்றுவதற்கு அது தேவையில்லை. 1925 அளவில் இரண்டு மாநிலங்கள் நீங்கலாக ஏனைய யாவும் சிறுவர் நீதிமன்றங்களை ஏற்படுத்தியிருந்தன.

மக் தீட்டிய சித்திரத்துக்கு அறிவும் அவகாசமும் அன்பும் உடைய நீதிபதி ஒருவர் தேவை. நடைமுறையில் அத்தகையோர் அரியர். அறுபதுகளில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின்படி, சிறுவர் வழக்குகளை விசாரித்த நீதிபதிகளுட் பாதிப்பேர் பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். ஐந்தில் ஒரு பங்கினர் சட்டத்தரணிகளே அல்லர். மருத்துவமும் உளவியலும் துணைநிற்கும் என்ற வாக்குறுதிக்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. அதிகாரம் மட்டும் குறையாது நின்றது.

1963 இல், வறிய எதிரிக்கு அரசு சட்டத்தரணியை அமர்த்திக் கொடுத்தல் வேண்டும் எனக் கிடியன் வழக்கில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கிற் கிடியனுக்காக வாதிட்ட ஏப் போட்டாஸ் 1965 இல் அதே மன்றத்தின் நீதியரசரானார். மறு ஆண்டிற் கென்ற் வழக்கில் அவர் எழுதிய தீர்ப்பு முதல் அடியாகும். வாசிங்ரனைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுவனை, அவனுடைய சட்டத்தரணி சமர்ப்பித்த மனுக்களுக்கு விடை கூறாமலும், அவனைப் பற்றிய கோப்பினை அவருக்குக் காட்டாமலும், வயது வந்தோர் நீதிமன்றத்துக்கு மாற்றியிருந்தார் ஒரு நீதிபதி. அது செல்லாது எனக் கூறிய போட்டாஸ், வயது வந்தோருக்குரிய பாதுகாப்பும் இன்றி, சிறுவருக்கு வாக்களிக்கப்பட்ட பராமரிப்பும் இன்றி, இரண்டு உலகங்களிலும் உள்ள தீமையே பிள்ளைக்கு வாய்க்கின்றது போலும் என ஐயுற்றார்.

அரிசோனாச் சிறுவனின் வழக்கு இந்நிலையிலேயே மேலெழுந்தது. அவன் பெயராற் கோல்ட் வழக்கு என அது சட்ட வரலாற்றில் நிலைபெற்றுள்ளது. அக்காலத்தில் அரிசோனாவிற் சிறுவர் வழக்குகளுக்கு மேன்முறையீடு இருக்கவில்லை. எனவே, அமீலியா லூயிஸ் என்ற பெண் சட்டத்தரணி, நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் குரௌசின் தந்தை கையாண்ட அதே கருவியை, ஆட்கொணர்வு எழுத்தாணையை, எடுத்தார். 1964 ஓகத்து 17 இல் நடைபெற்ற விசாரணையிற் கட்டளையிட்ட நீதிபதியே சாட்சிக் கூண்டில் நின்று குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டியதாயிற்று.

அக்குறுக்கு விசாரணை வெளிப்படுத்தியவை சிந்திக்கத்தக்கன. முதல் விசாரணையிற் சிறுவன் கூறியது யாது? தான் இலக்கத்தைச் சுழற்றித் தொலைபேசியை நண்பனிடம் கொடுத்ததாக மட்டுமே கூறினான் என்பது தாயின் நினைவு. ஆபாசமாகப் பேசியதை ஒப்புக்கொண்டான் என்பது உத்தியோகத்தரின் நினைவு. அத்தகைய கூற்றுகளுள் ஒன்றை ஒப்புக்கொண்டான் என்பது நீதிபதியின் நினைவு. பதிவு இல்லாமையால் மூன்று நினைவுகளுள் எது சரி என்பதை இனி எவராலும் துணிய இயலாது. அவன் எச்சட்டத்தை மீறினான் எனக் கேட்கப்பட்டபோது நீதிபதி தொலைபேசிக் குற்றத்தோடு நில்லாது, ஒழுக்கக்கேட்டிற் பழகியவன் என்னும் விதியையும் காட்டினார். அதற்குச் சான்றாக அவர் கூறியது இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பந்தாட்டக் கையுறை களவுபோன செய்தியை. போதிய ஆதாரம் இல்லாமையால் அதுபற்றி விசாரணை எதுவும் அன்று நடைபெற்றிருக்கவில்லை! யூன் மாதத்தில் அவ்வறையில் ஒரு சட்டத்தரணி இருந்திருப்பின் இவ்வினாக்கள் அன்றே கேட்கப்பட்டிருக்கும்.

அரிசோனா மன்றங்கள் மனுவைத் தள்ளின. வழக்கு வாசிங்ரனுக்குச் சென்றது. நியூயோர்க் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் நோர்மன் டோர்சன் அங்கு வாதிட்டார். 1967 மே 15 இற் போட்டாஸ் தீர்ப்பை வாசித்தார். சிறுவன் சுதந்திரத்தை இழக்கக்கூடிய விசாரணையில், சாட்டப்படும் குற்றத்தை முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தல் வேண்டும். சட்டத்தரணி பெறும் உரிமையும், வசதியில்லையேல் அரசே ஒருவரை அமர்த்தும் என்பதும் கூறப்படல் வேண்டும். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய இடமளித்தல் வேண்டும். தனக்கெதிராகத் தானே சாட்சியளிக்குமாறு வற்புறுத்தலாகாது. நன்னடத்தை உத்தியோகத்தர் சிறுவனின் நலன்களைக் காப்பார் என்ற வாதத்தைப் போட்டாஸ் ஏற்கவில்லை. கைதுசெய்பவரும் அவரே, மனுவைத் தாக்கல் செய்பவரும் அவரே, எதிராகச் சாட்சி சொல்பவரும் அவரே. பெயர் எத்துணை இனிதாயினும் கைத்தொழிற் பாடசாலை என்பது பிள்ளையைத் தாய் தந்தையரிடமிருந்து பிரித்துக் காவலாளரிடம் ஒப்படைக்கும் இடம் என்பதை அவர் வெளிப்படையாகக் கூறினார்.

நீதியரசர் பொற்றர் ஸ்ரூவேட் மட்டுமே முற்றாக மாறுபட்டார். அவருடைய மாறுபாடு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் நியூ ஜேர்சியில் முறைப்படி விசாரிக்கப்பட்டு, யூரிகளாற் குற்றவாளியெனக் காணப்பட்டு, தூக்கிலிடப்பட்டதை அவர் நினைவூட்டினார். அரசியலமைப்பு விதிகள் யாவும் அங்கு பேணப்பட்டன என்பது அவர் கைப்போடு சேர்த்த குறிப்பு. சிறுவர் மன்றத்தைக் குற்றவியல் மன்றமாக்கினால் அக்காலம் திரும்பும் என்பது அவர் அச்சம். தொண்ணூறுகளிற் பல மாநிலங்கள் சிறுவரை வயது வந்தோர் நீதிமன்றங்களுக்கு மாற்றுவதை எளிதாக்கியமையை நோக்குமிடத்து, அவ்வச்சம் வீணானதன்று எனத் தோன்றும். ஆயினும் அம்மாற்றத்துக்குக் காரணம் குற்றப் பெருக்கம் பற்றிய பீதியும் அதைப் பயன்படுத்திய அரசியலுமேயன்றிச் சட்டத்தரணிகளின் வருகை எனல் பொருந்தாது. கென்ற் வழக்குக் காட்டுவதுபோல், அத்தகைய மாற்றத்தைத் தடுத்து நின்றவர் சட்டத்தரணியே.

உரிமை கிடைத்தபின் வேறொரு வினா எழுந்தது. சிறுவனின் சட்டத்தரணி யாருடைய குரலைப் பேசுதல் வேண்டும்? வீட்டுக்குப் போகவேண்டும் என்பான் சிறுவன். போகாதிருத்தலே அவனுக்கு நன்று எனச் சட்டத்தரணிக்குத் தோன்றலாம். தமக்கு நன்றெனத் தோன்றுவதை அவர் பேசுவாராயின், அவர் மற்றுமொரு நன்னடத்தை உத்தியோகத்தர் ஆகிவிடுவார். பிள்ளைக்காகப் பேச மீண்டும் எவரும் இல்லை. எழுபதுகளின் முடிவில் அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கம் பங்கேற்று வகுத்த நியமங்கள், கட்சிக்காரனின் விருப்பத்தையே எடுத்துரைத்தல் வேண்டும் என்றன. இதனை ஏற்பது எளிதன்று. இன்றும் அம்மன்றங்களிற் பலர் மனத்தளவில் ஏற்றாரில்லை. 1970 இல் ஐயத்துக்கு இடமின்றி எண்பித்தல் வேண்டும் என்னும் விதி சிறுவருக்கும் உரியதாயிற்று. மறு ஆண்டில், பென்சில்வேனியாவிலிருந்து வந்த மக்கீவர் வழக்கில், யூரி விசாரணை கோரும் உரிமை மறுக்கப்பட்டது. எனவே பிள்ளைக்கும் நீதிபதிக்கும் இடையே நிற்பவர் சட்டத்தரணி ஒருவரே என்றாயிற்று. அதே மாநிலத்துப் பிலடெல்பியாவில், 1975 இல், அண்மையிற் சட்டக்கல்வி முடித்த நால்வர் இளையோர் சட்ட நிலையம் என்னும் அமைப்பைத் தொடங்கினர்.

கோல்ட் தீர்ப்பிற் கூறப்பட்ட நான்கு உரிமைகளும் 1989 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 40 ஆம் உறுப்புரையில், சொல் வேறுபட்டாலும், இடம்பெற்றுள்ளன. இலங்கை 1991 இல் அச்சமவாயத்தை ஏற்று உறுதிசெய்தது. ஐக்கிய அமெரிக்கா 1995 இற் கையொப்பமிட்டதாயினும் உறுதிசெய்யவில்லை.

உரிமை ஏட்டில் இருப்பது வேறு, சட்டத்தரணி அறையில் இருப்பது வேறு. இதனைக் காட்டியது பென்சில்வேனியாவின் லுசேர்ண் மாவட்டம். 2007 இல் ஒரு தாய் இளையோர் சட்ட நிலையத்துக்குத் தொலைபேசியிற் பேசினார். பாடசாலையின் துணை அதிபரைக் கேலிசெய்து இணையப் பக்கம் ஒன்றை அமைத்தமைக்காக அவருடைய மகளுக்கு மூன்று மாதத் தடுப்புக் காவல். சட்டத்தரணி எவரும் இருக்கவில்லை. மகளை மீட்ட நிலையம், இஃது ஒரு பிள்ளையின் கதையன்று எனக் கண்டது. நீதிபதி மார்க் சியாவரெல்லாவின் மன்றத்துக்கு வந்த சிறுவருட் பாதிக்கு மேற்பட்டோர் சட்டத்தரணியின்றியே நின்றனர். மன்றத்துக்கு வெளியே, விசாரணைக்குச் சற்று முன், சட்டத்தரணி வேண்டாம் என்னும் பத்திரம் நீட்டப்பட்டது; பெற்றோர் கையொப்பமிட்டனர். விசாரணை சில நிமிடங்களில் முடிந்தது. கையுறையும் தொலைபேசியும் போன்ற சிறு குற்றங்களுக்குப் பிள்ளைகள் விலங்கிடப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டனர்.

2008 ஏப்பிரலில் நிலையம் மாநில உயர் நீதிமன்றத்தை நேரே நாடியது. 2009 சனவரி முற்பகுதியில் மன்றம் காரணம் கூறாது மனுவைத் தள்ளியது. அம்மாத முடிவிற் சமட்டி அரசு வழக்குத் தொடர்ந்தபோதே, தனியார் தடுப்பு இல்லங்களைக் கட்டியவரிடமும் நடத்தியவரிடமும் இருந்து சியாவரெல்லாவும் உடன் நீதிபதி மைக்கல் கொனகனும் 26 இலட்சம் டொலர் வரையிற் பெற்றிருந்தமை வெளியாயிற்று. உயர் நீதிமன்றம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. அவ்வாண்டு ஒக்ரோபரில், 2003 முதல் 2008 மே வரை சியாவரெல்லா வழங்கிய தீர்ப்புகள் ஆயிரக்கணக்கில் நீக்கப்பட்டன. 2011 இல் அவருக்கு 28 ஆண்டுகளும், கொனகனுக்குப் பதினேழரை ஆண்டுகளும் சிறை விதிக்கப்பட்டன. கொனகனின் தண்டனையை 2024 திசெம்பரிற் சனாதிபதி பைடன் குறைத்தார்.

பணம் பெற்ற செய்தியே உலகெங்கும் பேசப்பட்டது. ஆனாற் பணத்தைவிட ஆராயத்தக்கது மௌனமாகும். 2010 இல் அறிக்கை வெளியிட்ட விசாரணை ஆணைக்குழு, அம்மன்றத்தில் நாள்தோறும் வழக்குத்தொடுநர் இருந்தனர், அரச செலவிலான எதிரிச் சட்டத்தரணிகள் இருந்தனர், நன்னடத்தை உத்தியோகத்தர் இருந்தனர் என்பதையும், கோல்ட் தீர்ப்பு நாற்பது ஆண்டுகளாக நடைமுறையில் உள்ள சட்டம் என்பதையும் சுட்டியது. அவர்கள் பேசவில்லை. கடுமையான நீதிபதி எனப் பாடசாலைகளும் பொதுமக்களும் அவரைப் போற்றிவந்தனர். பிள்ளையின் நன்மைக்கே இக்கடுமை என்ற விளக்கம் அங்கும் தாராளமாக வழங்கியது.

2012 இற் பென்சில்வேனியாச் சட்டமன்றம் விதியை மாற்றியது. பெற்றோரின் வருமானம் எதுவாயினும், சட்டத்தரணியை அமர்த்தும் தேவைக்குச் சிறுவர் யாவரும் வறியோர் எனவே கொள்ளப்படுவர். சட்டத்தரணி வேண்டாம் என விட்டுக்கொடுப்பதற்கும் கடும் வரையறைகள் விதிக்கப்பட்டன. மண்டபத்து மேசையிற் பெற்றோர் கையொப்பமிட்டு அவ்வுரிமையைக் கைவிடும் வழி இவ்வாறு அடைக்கப்பட்டது.